மதிவாணன் திரும்பி வர வேண்டி ஒரு பிராது

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏங்க, நீங்க செல்லுல காதல் கதையெல்லாம் படிக்கிறீங்களாமே?" என்று என் காதோடு கேட்டீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆமாம், படிக்கிறேன். காலையில் விளக்கேற்றி, சாமிக்குப் பூ வைத்து, சோறு வடித்து, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் படிக்கிறேன். நான் எட்டாவது வரை போனவள். பேங்க் பேப்பரை என்னிடம் கொடுத்தால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கதை என்றால் மட்டும் கண் தானாக ஓடுகிறது. நம் ஊர்ச் சாமி பழமலைநாதருக்குத் தெரியாமல் நான் எதையும் செய்வதில்லை. இதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன். நீங்கள்தான் காதோடு கேட்கிறீர்கள், அவர் ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் ஒன்று படித்தேன். ரயிலடி வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிற ஒருத்தி, முப்பத்தைந்து வயது. ரயிலில் கார்டு வேலை பார்க்கிற ஒருவர். பன்னிரண்டு அத்தியாயம் வரைக்கும் அந்த மனுஷன் பேசுவது ஒரே பேச்சுதான்: "ரெண்டு இட்லி, கெட்டிச் சட்னி." ஆனால் டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது கழுவித் துடைத்துக் கொடுப்பார். அவளுக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு அவரே கடையைத் திறந்து இட்லி ஊற்றுகிறார். அது கல்லாக வந்துவிடுகிறது. வந்தவர்கள் எல்லாம் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நான் சிரித்த சிரிப்பில் என் மகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

இன்னொன்று மாயக்கதை. மேகத்துக்கு மேலே ஒரு ராஜ்ஜியம். அதன் இளவரசன் மழை பெய்கிற நேரம் மட்டும்தான் கீழே இறங்கலாம், மழை விட்டால் கரைந்து போவான். கீழே ஒரு பெண், மழை எவ்வளவு பெய்தது என்று அளந்து எழுதுகிற வேலையில் இருக்கிறாள். ஒரு வருஷம் மழையே இல்லை. அவள் தினமும் காலிக் குப்பியைப் பார்த்து சைபர் சைபர் என்று எழுதுகிறாள். அந்த இடத்தில் நான் செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் வந்து வானத்தைப் பார்த்தேன். நம் ஊர்ப் பக்கமும் அப்போது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு மழை வேண்டும் என்று சாமியிடம் கேட்டேன். மணிமுத்தாற்றில் தண்ணீர் வரவேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஒரு கதையில் பணக்கார நாயகன் முப்பது அத்தியாயம் பல்லைக் கடித்துக்கொண்டே வருகிறான், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறான். அவன் ஊர் தெரிந்தால் கொளஞ்சியப்பர் கோயிலில் அவன் மேல் ஒரு பிராது எழுதிக் கட்டியிருப்பேன். கடைசியில் மன்னிப்புக் கேட்டான். அந்தப் பெண் மன்னித்துவிட்டாள். எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கதையானாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டுத்தான் ஆரம்பத்துக்கு வருவேன்.

"ஏம்மா, முடிவ மொதல்லயே படிச்சிட்டா அப்புறம் என்னா ருசி இருக்குது?" என்பாள் மகள்.

"நீ போடி, நான் பட்ட அனுபவம் உனக்கில்ல" என்பேன்.

அந்த அனுபவத்தைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப் போகிறேன்.

எனக்குப் பத்து வயது. முழுப்பரீட்சை லீவு. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான என் அத்தை, நான், நாலு பேர். அப்பா ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைக்கு நெருப்புப் போடுகிறவர். அத்தைக்கு வேறொரு சின்னப் பொம்மைக் கம்பெனியில் வேலை. காலையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். மத்தியானத்துக்கு மேல் அவற்றுக்குக் காகிதம் சுற்றி, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் கூட வெள்ளையாக இருக்கும். தலையைத் தட்டினால் பீங்கான் மாவு கொட்டும். எங்கள் தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடுவதற்குக் கூட கம்பெனியில் கழித்துப் போட்ட உடைந்த பீங்கான் ஃபியூஸ் கட்டையைத்தான் சில்லாக வைத்துக்கொள்வோம். வழவழவென்று, வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும்.

பொம்மை சுற்றுவதற்குப் பழைய பேப்பர் கட்டுக் கட்டாக வரும். பாதிக்கு மேல் வாரப் பத்திரிகைகள். அதில் ஒரு தொடர்கதை அத்தையின் கண்ணில் பட்டுவிட்டது. அந்தத் தாள்களை மட்டும் உருவி இடுப்பில் செருகிக்கொண்டு வருவாள். ஆறாம் அத்தியாயம் முதலில் வந்தது. பிறகு இரண்டு. பிறகு பதினொன்று. ஊசி நூலால் கோத்து, கிடைக்கக் கிடைக்கப் பிரித்து மறுபடி கோப்போம். நாலாம் அத்தியாயம் கடைசி வரை கிடைக்கவில்லை. அதற்குள் என்ன நடந்ததோ, ஐந்தாம் அத்தியாயத்தில் மதிவாணன் கையில் கட்டோடு வந்தான்.

மதிவாணன்தான் கதாநாயகன். நித்திலா கதாநாயகி. சம்பாதித்து வந்து கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி அவன் கப்பலேறிப் போய்விடுகிறான். கடுதாசி இல்லை. அவளுடைய பெரியப்பா அவளை வேறு ஒரு பெரிய இடத்தில் கொடுக்க முடிவு பண்ணிவிடுகிறார். வேலை முடிந்து வந்ததும் அத்தை சத்தமாகப் படிப்பாள், நான் கேட்பேன். படித்து முடித்த தாள்கள் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கிருஷ்ணர் பொம்மையைத் தூக்கி வைப்பாள். சூளையில் புல்லாங்குழல் உடைந்துபோனதால் கழித்துப் போட்ட பொம்மை அது. கை மட்டும் வாயருகே இருக்கும், குழல் இருக்காது. எத்தனையோ வீடு மாறியதில் அதை எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. இன்றைக்கும் கோயிலில் கிருஷ்ணரைப் பார்த்தால் கையில் குழல் இருப்பது எனக்கு ஒரு நொடி புதிதாகத்தான் தெரியும்.

கடைசிக்கு முந்தின அத்தியாயம் வந்தது. நித்திலா மணையில் உட்கார்ந்துவிட்டாள். மேளம் கொட்டுகிறது. வாசலில் ஒரு நிழல் விழுகிறது. "அடுத்த இதழில் முடியும்" என்று போட்டிருந்தது.

மறுநாள் நான் தெருமுனையிலேயே காத்திருந்தேன். அத்தை கையை விரித்துக் காட்டினாள்.

"முடிவு எங்க அத்த?"

"என் பக்கத்துல பொட்டி அடுக்குற அக்கா தெரியாம எடுத்துட்டாங்கடி. ஒரு புள்ளையாரச் சுத்திக்கிட்டு சேலத்துக்கு லாரி ஏறிப் போயிட்டுது."

அந்த வாரத்தில்தான் சேத்தியாத்தோப்பிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு நெல் மில் இருந்தது. முதல் சம்சாரம் தவறிவிட்டது. அவர் மேல் குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மாதான் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கிருஷ்ணருக்குக் கீழே இருந்த தாள்களைத் தொட்டு, "இதெல்லாம் நம்ம வூட்ல ஆவாது. மில்லுக்கும் மாட்டுக்குமே நேரம் பத்தாது" என்றார்.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்ங்க" என்றார் அப்பா.

வளர்பிறையில் தட்டு மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. பேசியதெல்லாம் பெரியவர்கள்தான். அத்தை காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து தினமும் அந்தக் கடைசித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். நித்திலாவுக்காக அழுகிறாள் என்று நான் நினைத்தேன். நானும் கூட உட்கார்ந்து அழுதேன்.

இதற்கு நடுவில் அப்பாவின் சைக்கிள் காணாமல் போயிற்று. நம் பக்கத்தில் பொருள் காணாமல் போனால் போலீசுக்கு முன்னால் எங்கே போவோம் என்று உங்களுக்கே தெரியும். கொளஞ்சியப்பர் கோயிலுக்குத்தான். கோர்ட்டில் மனு எழுதுகிற மாதிரி ஊர், அது கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர், பேர், குறை எல்லாம் எழுதி, கோயில் ஆளிடம் காட்டி, சாமி காலடியில் வைத்து எடுத்து, அங்கேயே இருக்கிற முனியப்பருக்கு முன்னால் உள்ள வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். அதுதான் பிராது. குறை தீர்ந்தால் மறுபடி போய் அந்தப் பிராதை வாபஸ் வாங்கவும் வேண்டும். அப்படி வாங்காவிட்டால் வழக்கு நிலுவையில் நிற்பதாகக் கணக்கு.

அப்பா சைக்கிளுக்கு எழுதினார். சைக்கிளுக்கே சாமி தீர்ப்பு சொல்லும் என்றால் மதிவாணனுக்குச் சொல்லாதா? பொம்மைக் கம்பெனி சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் நானும் எழுதினேன். அதை அப்பாவின் தாளுக்குள் மடித்து வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை எல்லோரும் போனோம். கோயில் ஆள் அப்பாவின் தாளைப் பிரித்தார். உள்ளே இருந்து என் சீட்டு விழுந்தது. எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்:

"மதிவாணன் எங்க இருந்தாலும் திரும்பி வரணும். வேற ஆளு தாலி கட்டிடக் கூடாது. எங்க அத்தை தினமும் அழுவுறாங்க. சீக்கிரமா தீர்ப்பு சொல்லு சாமி."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னாங்க இது, சைக்கிளும் காணோம், மதிவாணனும் காணோம்ங்கறீங்க? ரெண்டு குறைய ஒரே பிராதுல வைக்கக் கூடாதே" என்றார் கோயில் ஆள். "மதிவாணனுக்கு எந்த ஊரு? எவ்ளோ தூரம்னு எழுதணுமில்ல."

அப்பாவின் முகம் சூளை வாயைத் திறந்த மாதிரி சிவந்துவிட்டது. "யாரு அந்த மதிவாணன்?" என்றார் அத்தையிடம்.

அத்தை என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அது கதை என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவள் கை மட்டும் என் கையை அழுத்திப் பிடித்தது.

அப்பா வெட்கத்தில் இரண்டு தாளையும் சேர்த்து மடித்து, சாமி காலில் வைத்து வாங்கி, ஒரே நூலில் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

"சூளைக்கு நெருப்புப் போடத் தெரியுது, வூட்ல பொகைஞ்சது தெரியலியே உங்களுக்கு" என்று பஸ்ஸில் அம்மா சொன்னது டிரைவர் வரைக்கும் கேட்டது.

அடுத்த பத்து நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிற சத்தம்தான். அத்தை வாயைத் திறக்கவில்லை. என்னிடம் மட்டும், "கேட்டா ஒண்ணும் சொல்லாதடி. சாமிகிட்டதான் எழுதிக் குடுத்திருக்குதே, அவரு பாத்துக்குவாரு" என்றாள். அப்பா ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி கம்பெனியாகப் போய், "இங்க மதிவாணன்னு யாராச்சும் வேல பாக்கறாங்களா?" என்று விசாரித்தார். ஊர் முழுக்கத் தேடியதில் ஒரே ஒரு மதிவாணன் அகப்பட்டார். ரயிலடியில் போர்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பேரன் எடுத்தவர். அப்பா கேட்ட கேள்வியைக் கேட்டுவிட்டு, "இந்த வயசுல என்ன சந்தேகப்பட்டதுக்கு ரொம்ப சந்தோஷம் தம்பி" என்று உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம்.

பத்தாம் நாள். மறுநாள் தட்டு மாற்ற சேத்தியாத்தோப்புக்காரர்கள் வருகிறார்கள். சாயங்காலம் அப்பா என்னைச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திக் கற்பூரம் ஏற்றினார்.

"நீதான எழுதுன. சாமி முன்னால சொல்லு. எங்க இருக்குறான் அவன்?"

கற்பூரத்துக்கு முன்னால் எனக்குப் பொய் வராது. அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது.

"கப்பல்ல போயிருக்காருப்பா."

"கப்பல்லயா! எப்ப வருவான்?"

"தெரியலப்பா. வாசல்ல நெழலு மட்டும் வந்துது. மீதித் தாள் புள்ளையாரோட சேலத்துக்குப் போயிடுச்சு."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் ஓடிப்போய்க் கிருஷ்ணரைத் தூக்கிவிட்டு, கோத்து வைத்த தாள்களை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். கற்பூரம் எரிந்து அணைந்தது.

"பத்து நாளா ஊர்ல இல்லாத ஆளையா தேடிக்கிட்டிருந்தேன் நான்?"

முதலில் சிரித்தது அம்மாதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் அவளுக்கு அடக்க முடியவில்லை. அப்பா சிரிக்கவில்லை. அத்தையைப் பார்த்தார்.

"ஏன் புள்ள, இது கதைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? உன் பேருதான கெட்டுப்போச்சு?"

"சொல்லியிருந்தா என்ன ஒரு வார்த்த கேக்காமலே தட்டு மாத்தியிருப்பீங்களே அண்ணே."

அப்பா மெதுவாகக் கேட்டார்: "உனக்கு அந்த எடம் புடிக்கலியா?"

"இப்பதான கேக்குறீங்க" என்றாள் அத்தை.

நம் அப்பாக்களைப் பற்றி நாம் எதையெதையோ நினைத்துக்கொண்டிருந்தோம். நானும் அன்றைக்கு அடி விழும் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றேன். யோசித்துப் பார்த்தால், பத்து நாளாக அவர் அந்த மதிவாணனை அடிப்பதற்காகத் தேடவில்லை. கிடைத்தால் எப்படியாவது அத்தைக்கே கல்யாணம் பேசி முடித்துவிடலாம் என்றுதான் தேடியிருக்கிறார். அதை அம்மா எனக்கு என் கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொன்னாள். முன்பின் தெரியாத ஒருவனை ஊரெல்லாம் தேடத் தெரிந்த மனுஷனுக்கு, அடுத்த அறையில் இருந்த தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. அவ்வளவுதான் அவர் செய்த தப்பு.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் சேத்தியாத்தோப்பு போனார். அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்து, "என் தங்கச்சிக்கு இஷ்டமில்லைங்க. முன்னாடியே கேக்காதது என் தப்பு" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். மாப்பிள்ளையின் அம்மா, "வெறும் வயித்தோட வந்திருக்கீங்க" என்று ஒரு சொம்பு மோர் கொடுத்தார்களாம். மத்தியானம் திரும்பி வந்த அப்பாவின் கையில் ஒரு முழம் மல்லிகையும் ஒரு வாரப் பத்திரிகையும் இருந்தன. பஸ் ஸ்டாண்டில் வாங்கினது. கசங்காத, கிழியாத, அன்றைக்கு வந்த புதுசு. அதுவரை எங்கள் வீட்டுக்கு அப்படி ஒன்று வந்ததே இல்லை. அத்தையிடம் நீட்டினார்.

"இந்தா புள்ள. பொம்மையச் சுத்தறதுக்கு முன்னாடியே படிச்சிடு."

அத்தை அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா, புது மை வாசனை பிடிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் திட்டக்குடியில் அவளுக்கு அமைந்தது. பம்பு செட்டு ரிப்பேர் பார்க்கிறவர். குள்ளம், முன்மண்டையில் முடி குறைவு. அப்பா எல்லோர் முன்னாலும், "உனக்கு எதாச்சும் கேக்கணுமா புள்ள?" என்றார். அத்தை கேட்டாள்: "நான் கதப் புஸ்தகம் படிப்பேன், பரவால்லிங்களா?" அவர் யோசிக்காமல் சொன்னார்: "சத்தமாப் படிச்சா நானும் கேப்பேன்." அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

இப்போது மாமாவுக்குக் காது மந்தம். அதனால் அத்தை இன்னும் சத்தமாகப் படிக்கிறாள். அவளுக்குக் கண் வலிக்கிற நாட்களில் நான் இங்கிருந்து போனில் படிப்பேன், அவர்கள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்கள். இட்லிக் கடைக் கதை மாமாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மேக ராஜகுமாரன் கதைக்கு அத்தைதான் ஒரு கேள்வி கேட்டாள்: "மழை பேஞ்சாதான் வருவானா? அப்போ துணி காயப்போட அவளுக்கு ஒத்தாசை யாரு?"

அந்தக் கதையில் கடைசியில் மழை வந்துவிட்டது. படித்து முடித்ததும் அத்தை ஸ்பீக்கரை அணைத்தாள். பிறகு, "ஏண்டி, உன் பிராது இன்னும் நெலுவையில நிக்குதே" என்றாள்.

உண்மைதான். அந்த மாதமே சைக்கிள் வந்துவிட்டது. மாற்றி எடுத்துப்போன ஒருவர் கொண்டுவந்து விட்டார். அப்பா போய் அவருடைய பிராதை மட்டும் வாபஸ் வாங்கினார். என்னுடையது அப்படியே நின்றுவிட்டது. மதிவாணன் வந்தானா இல்லையா என்று தெரியாமல் சாமியிடம் போய் என்னவென்று சொல்வது? வாசலில் விழுந்த நிழல் இத்தனை வருஷமாக என் மனசின் வாசலிலேயே நிற்கிறது. நான் கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பதற்கு அதுதான் காரணம்.

போன திங்கட்கிழமை அத்தை திட்டக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். இப்போது இருக்கிற கோயில் ஆளுக்கு என் மகன் வயது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"என்னா குறைங்கம்மா?"

அத்தை முன்னால் வந்தாள். "ஒரு கல்யாண விஷயம் தம்பி. பழைய பிராது."

"தீந்துடுச்சுங்களா?"

அத்தை என்னைப் பார்த்தாள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டவள் இன்றைக்கு வாய் நிறையச் சொன்னாள்: "நல்லபடியாத் தீந்துடுச்சு."

முனியப்பர் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் கேட்டேன். "அத்த, மதிவாணன் வந்துட்டாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ என்னா எழுதுன? வேற ஆளு தாலி கட்டிடக் கூடாதுன்னு எழுதுன. புடிக்காத ஆளு யாரும் எனக்குக் கட்டலையே. அத்தை அழுவுறாங்கன்னு எழுதுன. அப்புறம் நான் அழுவல. ரெண்டு தீந்துடுச்சு இல்ல? வாசல் வரைக்கும் வந்தவன் உள்ள வராமலா போயிடுவான்?"

திட்டக்குடி பஸ் வர நேரமிருந்தது. கொடுக்காப்புளி மரத்து நிழலில் உட்கார்ந்தோம். புதுக்கதை ஒன்று செல்லில் திறந்தேன். ஒரு தீவு, ஒரு கலங்கரை விளக்கம், கடலுக்கு அடியிலிருந்து வருகிற ஒருவன். என் விரல் தானாகக் கடைசி அத்தியாயத்துக்குப் போயிற்று. பட்டென்று கை மேல் ஒரு அடி விழுந்தது.

"மொதல்லேருந்து படிடி" என்றாள் அத்தை. "சத்தமா."